ஸ்ரீநாத்தை உள்ளூர் டெஸ்ட்களில் உட்காரவைத்தது சரிதானா?

புதுப்பந்து:

இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜவகல் ஸ்ரீநாத் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே பல்லவிதான் கேட்கிறது. தப்பான நாட்டில் பிறந்துவிட்டார், நம் ஆடுகளங்கள் வேகப்பந்துக்குச் சுடுகாடு, ஆஸ்திரேலியாவில் பிறந்திருந்தால் 400 விக்கெட் எடுத்திருப்பார் என்பார்கள்.

அவருடைய கணக்கே இந்தப் பல்லவியை மறுக்கிறது. மொத்தம் 67 டெஸ்ட், 236 விக்கெட், சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 30.49. இதைப் பிரித்துப் பாருங்கள். இந்தியாவில் 32 டெஸ்ட்டில் 108 விக்கெட், சராசரி 26.61. வெளிநாட்டில் 35 டெஸ்ட்டில் 128 விக்கெட், சராசரி 33.76. விக்கெட் ஒன்றுக்கு ஏழு ரன் வித்தியாசம், அதுவும் நம் மண்ணுக்குச் சாதகமாக!

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். அவர் முதல் டெஸ்ட் ஆடியது 1991 நவம்பரில், பிரிஸ்பேனில். இந்தியாவில் முதல் டெஸ்ட் ஆடியதோ 1994 நவம்பரில், மும்பையில். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் இங்கிலாந்து வந்தது, ஜிம்பாப்வே வந்தது, இலங்கை வந்தது. மொத்தம் ஏழு டெஸ்ட். ஏழிலும் ஸ்ரீநாத் இல்லை. விமானம் ஏறும்போது மட்டும் நினைவுக்கு வரும் பந்துவீச்சாளராகவே இருந்தார். வேகம் உச்சத்தில் இருந்த 22 முதல் 25 வயதுவரை அவரைத் தண்ணீர் சுமக்கவைத்தது சரிதானா? இந்த மன்றத்தின் பெரியவர்கள் பதில் சொல்லட்டும்.

நான்காவது_ஸ்லிப்:

அந்த ஏழு டெஸ்ட்களின் முடிவையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாமே. இங்கிலாந்தை 3-0, ஜிம்பாப்வேயை 1-0, இலங்கையை 3-0. ஏழுக்கு ஏழு வெற்றி. அணித்தலைவர் அசாருதீனும் மேலாளர் அஜித் வடேகரும் ஒரு சூத்திரம் வைத்திருந்தார்கள்: புதுப் பந்துக்கு கபில் தேவும் பிரபாகரும், பளபளப்புப் போனதும் சுழலர்கள் கும்ப்ளே, ராஜு, சௌகான். இங்கிலாந்துத் தொடரில் கும்ப்ளே மட்டும் 21 விக்கெட். ஏழு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த பதினொருவரில் கைவைக்கும் தேர்வாளரை நீங்கள் பாராட்டுவீர்களா?

புதுப்பந்து:

ஜெயித்தார்கள் என்பதால் அதுதான் சிறந்த அணி என்று ஆகிவிடாது. இலங்கைக்கு எதிரான மூன்றும் இன்னிங்ஸ் வெற்றிகள். அங்கே ஒரு மாற்றம் செய்து பார்த்திருந்தால் யார் குடி மூழ்கியிருக்கும்?

பழைய_பேப்பர்:

சுற்றிவளைக்காமல் பேசுவோம். பிரபாகர் மட்டையும் பிடித்தார், சில தொடர்களில் தொடக்க ஆட்டக்காரராகவே இறங்கினார். மூன்று சுழலர்களும் வெற்றிக்குக் காரணமானவர்கள். அப்படியானால் ஸ்ரீநாத்துக்கு இருந்த ஒரே இடம் கபிலின் இடம். அந்தப் பெயரைச் சொல்லத்தான் எல்லோரும் தயங்குகிறார்கள்.

கபில் தன் 400ஆவது விக்கெட்டை எடுத்தது 1992 பிப்ரவரியில், பெர்த்தில். நியூசிலாந்தின் ஹாட்லி வைத்திருந்த 431 விக்கெட் உலக சாதனையைத் தாண்டியது 1994 பிப்ரவரியில், அகமதாபாத்தில், ஹஷான் திலகரத்னவை வீழ்த்தி. இரண்டு ஆண்டுகளில் சுமார் 30 விக்கெட். வேகம் குறைந்திருந்தது, உண்மைதான். ஆனால் அதே காலத்தில் போர்ட் எலிசபெத்தில் தென்னாப்பிரிக்க வேகம் ஆலன் டொனால்டை எதிர்த்து, மொத்தம் 215 ரன் எடுத்த அணியில் தனியாளாக 129 அடித்தவரும் அவர்தான். அவரை எந்த முகத்தோடு வெளியே அனுப்புவது?

நான்காவது_ஸ்லிப்:

அதே கேள்விதான் எனக்கும். சாதனைக்காக அவரை இழுத்துச் சென்றார்கள் என்று சொல்வது சுலபம். 1983இல் கோப்பையைத் தூக்கியவருக்கு இரண்டு ஆண்டு கொடுத்ததை நான் குற்றமாக எண்ணவில்லை.

எண்_கணக்கன்:

சராசரியை வைத்துத் தொடங்கிய இழை என்பதால் சில எச்சரிக்கைகள்.

1991-92 ஆஸ்திரேலியப் பயணம் முழுக்க வெளிநாட்டுக் கணக்கில் சேர்கிறது. அங்கே அவர் பக்குவப்படாத இளைஞர். கொடுத்த ரன்னுக்கு ஏற்ற விக்கெட் கிடைக்கவில்லை. உள்ளூர்க் கணக்கு தொடங்கும்போது அவருக்கு 25 வயது, கையில் மூன்று ஆண்டு அனுபவம். கற்றுக்கொண்ட காலத்தின் செலவு முழுவதும் ஒரு பக்கம் போய்விட்டது. ஆகவே அந்த ஏழு ரன் வித்தியாசத்தில் ஒரு பகுதி ஆடுகளத்தைப் பற்றியதே இல்லை, அவருடைய வயதைப் பற்றியது.

ஆனாலும் அந்த வித்தியாசம் முழுவதையும் அப்படித் தள்ளிவிட முடியாது. கபிலும் இப்படித்தான்: இந்தியாவில் 219 விக்கெட் 26.49 சராசரியில், வெளியே 215 விக்கெட் 32.85 சராசரியில். ஜாகீர் கான் நேர் எதிர்: உள்ளூரில் 35.87, வெளியே 31.47. ஆக "இந்திய ஆடுகளம் வேகத்துக்கு உதவாது" என்ற பொதுவிதி மூன்று பேரில் ஒருவருக்குத்தான் பொருந்துகிறது.

போகிறபோக்கில் இன்னொன்று. ஒரு டெஸ்ட்டுக்கு எத்தனை விக்கெட் என்று வகுத்தால் ஸ்ரீநாத் 3.5, ஜாகீர் 3.4, கபில் 3.3, இஷாந்த் 3க்குச் சற்றுக் குறைவு. மொத்த விக்கெட் பட்டியலில் மற்ற மூவரும் மேலே நிற்பதால் இது கண்ணில் படுவதில்லை.

தையல்_நேராக:

கணக்கு சரி, காரணத்தையும் யாராவது சொல்ல வேண்டாமா? கல்லூரி நாளிலிருந்து பந்து வீசி முதுகைக் கெடுத்துக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஸ்ரீநாத்தின் இயல்பான பந்து வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே வருவது. உயரமானவர், கை காதை ஒட்டி மேலிருந்து இறங்கும், மணிக்கட்டு சற்றுச் சாயும்போது தையல் பட்ட பந்து கூர்மையாக உள்ளே வெட்டும். வெளியே செல்லும் பந்தை அவர் பிற்பாடுதான் கற்றுக்கொண்டார். அவருடைய லென்த்தோ, அதாவது பந்து தரையில் குத்தும் இடமோ, நல்ல லென்த்துக்கு அரை அடி, ஓரடி பின்னால். இதுதான் எல்லாவற்றுக்கும் சாவி.

பெர்த்திலோ பிரிஸ்பேனிலோ அந்த லென்த்தில் உள்ளே வரும் பந்து ஸ்டம்புக்கு மேலே போய்விடும். நல்ல ஆட்டக்காரர் கையை உயர்த்திவிட்டுப் பந்தைக் கீப்பரிடம் அனுப்புவார். பார்ப்பவர்கள் "அடடா, என்ன பந்து!" என்பார்கள். விக்கெட் விழாது. அதே பந்தை அதே இடத்தில் அகமதாபாத்தில் போடுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது. விட்டால் ஸ்டம்ப், தடுத்தால் பேடு. நம் மண் ஸ்ரீநாத்தின் லென்த்தை அவருக்காகத் திருத்திக் கொடுத்தது என்பதுதான் என் கட்சி.

பந்தின் பங்கும் உண்டு. இங்கே வீசும் எஸ்ஜி பந்தின் தையல் கையால் தைத்தது, புடைத்து நிற்கும், நீண்ட நேரம் தாங்கும். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வீசும் கூக்கபுராவின் தையல் சீக்கிரமே படிந்துவிடும். பிறகு தையலை நம்பி வீசுபவருக்குப் பிடிமானம் ஏது? இங்கே எதிர்முனையில் கும்ப்ளே ஒரு ரன்கூடக் கொடுக்காமல் நெரிப்பார். ரன் எடுக்க வழி தேடும் ஆட்டக்காரர் ஸ்ரீநாத்தை அடிக்கப் பார்ப்பார். வேகப்பந்து வீச்சாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரவுக்காவலன்:

அகமதாபாத் என்று சொன்னதற்கு நன்றி. 1996 நவம்பர். தென்னாப்பிரிக்காவுக்கு 170 ரன்தான் இலக்கு. 105க்குச் சுருண்டார்கள். ஸ்ரீநாத் 21 ரன்னுக்கு 6 விக்கெட். வி.வி.எஸ். லட்சுமணின் முதல் டெஸ்ட்டும் அதுதான். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் அடித்த அரைசதம் இல்லையென்றால் 170 என்ற இலக்கே இருந்திருக்காது.

அந்த ஆடுகளத்தைச் சுழலுக்காகவே தயார் செய்திருந்தார்கள். விக்கெட் அள்ளியது வேகம். அதற்கு மேல் இந்த இழையில் பேச என்ன இருக்கிறது?

நான்காவது_ஸ்லிப்:

நிறைய இருக்கிறது. அது 1996. நாம் பேசுவது 1992-94. 27 வயதில் அப்படி வீசினார் என்பதால் 23 வயதிலும் வீசியிருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

புதுப்பந்து:

முடியும் என்பதற்கு மும்பை டெஸ்ட் இருக்கிறது. 1994 நவம்பர், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக. முதன்முதலாக உள்ளூரில் இறக்கினார்கள். இரண்டு இன்னிங்ஸிலும் விக்கெட் எடுத்தார், இரண்டாவது இன்னிங்ஸில் அணி தடுமாறியபோது 60 ரன்னும் அடித்தார், இந்தியா வென்றது. உள்ளூர் ஆடுகளத்தில் தடுமாறிப் பழகக் காலம் கேட்கவே இல்லை அந்த மனிதர். ரஞ்சியில் முதல் ஆட்டத்திலேயே ஐதராபாத்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தவரிடம் "இந்திய ஆடுகளத்தில் உன்னால் முடியுமா" என்று மூன்று ஆண்டு யோசித்தார்கள் என்பதுதான் வேடிக்கை.

வெளிவட்டம்:

தையல்_நேராக சொல்லும் லென்த் விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1995ஐ என்ன செய்வீர்கள்? குளௌஸ்டர்ஷயர் அணிக்காக ஒரே பருவத்தில் 87 முதல்தர விக்கெட். மேற்கிந்திய அணியோடு இங்கிலாந்துப் பயணத்தில் இருந்த கோர்ட்னி வால்ஷின் இடத்துக்கு வந்தவர் என்பதை மறக்காதீர்கள். அந்த அளவுகோலில்தான் அவரை நிறுத்திப் பார்த்திருப்பார்கள். அபர்கவென்னியில் கிளமோர்கனுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 76 ரன்னுக்கு 9 விக்கெட். அதுதான் அவருடைய வாழ்நாள் சிறந்த பந்துவீச்சு. வெளிநாட்டு மண்தான்.

தையல்_நேராக:

வெளிநாட்டு மண் எல்லாம் ஒரே மண்ணா? இங்கிலாந்தில் வீசுவது டியூக்ஸ் பந்து, அதன் தையலும் புடைத்தே இருக்கும். எழும்பலும் பெர்த் மாதிரி இல்லை. கவுண்டியில் வாரா வாரம் வீசும்போது லென்த் தானாகவே முன்னே போகும், போகாவிட்டால் அணித்தலைவர் திட்டுவார். 1995இல் அவர் கற்றுத் திரும்பியதைத்தான் 1996 அகமதாபாத்தில் பார்த்தோம் என்பது என் ஊகம்.

வெளிவட்டம்:

அப்படியானால் 1996 கோடையில் அதே இங்கிலாந்தில், அதே டியூக்ஸ் பந்தோடு, டெஸ்ட் தொடரில் ஏன் விக்கெட் குவியவில்லை?

பழைய_பேப்பர்:

அந்தத் தொடரைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். எட்ஜ்பாஸ்டனில் நாசர் ஹுசைனின் கையுறையில் உரசிக் கீப்பர் மோங்கியாவிடம் போன பந்து ஸ்ரீநாத்துடையதுதான். நடுவர் விரல் உயரவில்லை. ஹுசைன் 128 அடித்தார், அவருடைய முதல் டெஸ்ட் சதம். இந்தியா தோற்றது. இன்றைக்கென்றால் மறுபரிசீலனை கேட்டு அரை நிமிடத்தில் அனுப்பியிருப்பார்கள். ஸ்ரீநாத்தின் கணக்கில் அந்த மாதிரிப் பந்துகளுக்கு இடமே இல்லை. மட்டையைத் தாண்டிய பந்துக்கு ஸ்கோர்புத்தகத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான்.

எண்_கணக்கன்:

எல்லாப் பந்துவீச்சாளருக்கும் அந்தப் புள்ளிகள் உண்டு, ஐயா. ஆஸ்திரேலியாவின் மெக்ராவும் மட்டையைத் தாண்டித்தான் வீசினார். அவர் அடுத்த பந்தை அரையடி முன்னே போட்டு விளிம்பை எடுத்தார். மட்டையைத் திரும்பத் திரும்பத் தாண்டுவது துரதிர்ஷ்டம் மட்டும்தான் என்று நான் ஏற்கமாட்டேன்.

பழைய_பேப்பர்:

மெக்ராவுக்கு மறுமுனையில் கில்லெஸ்பி இருந்தார், பிரெட் லீ இருந்தார், நடுவில் வார்ன் இருந்தார். ஸ்ரீநாத்துக்கு வெளிநாட்டில் யார் இருந்தார்கள்? வெங்கடேஷ் பிரசாத் ஒருவர். அவர் நல்ல நாளில் தங்கம். 1996 டிசம்பரில் டர்பனில் இந்தியா 100க்கும் 66க்கும் சுருண்டதே, அதே டெஸ்ட்டில் பிரசாத் பத்து விக்கெட் எடுத்தார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஆனால் மூன்றாவது வேகம் என்று ஒருவர் நிலையாக இருந்ததே இல்லை. டேவிட் ஜான்சன், தொட்ட கணேஷ், குருவில்லா என்று ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில் பத்து ஓவர், மதிய உணவுக்குப் பிறகு எட்டு, தேநீருக்குப் பிறகு இரண்டாவது புதுப் பந்து, எல்லாம் ஒரே தோளுக்கு.

1997இல் அந்தத் தோள் போனது. அறுவை சிகிச்சை. மேற்கிந்தியத் தீவுகள் பயணம் கைவிட்டுப் போனது. அவருக்கு மாற்றாக யாரை அனுப்பினார்கள் தெரியுமா? நோயல் டேவிட். ஆஃப் ஸ்பின்னர்! அணியின் முதல் வேகப்பந்து வீச்சாளருக்குப் பதிலாகச் சுழலரை விமானம் ஏற்றிய தேர்வுக்குழுவிடம்தான் நாம் 1992க்கு நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இரவுக்காவலன்:

அந்தப் பயணத்தில்தான் பிரிட்ஜ்டவுன். இலக்கு 120, இந்தியா 81. ஸ்ரீநாத் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்லிவிடாதீர்கள். பந்துவீச்சாளர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள்: குருவில்லா ஐந்து விக்கெட், மேற்கிந்தியர்கள் 140க்கு ஆல் அவுட். கோட்டை விட்டது மட்டை.

கடைசி_விக்கெட்:

ஸ்ரீநாத் இருந்திருந்தால் ஒரு முப்பது ரன்னாவது அடித்திருப்பார். சிரிக்காதீர்கள். டெஸ்ட்டில் அவருடைய அதிகபட்சம் 76, 1999இல் ஹாமில்டனில் அடித்தது. 1996 டைட்டன் கோப்பை ஒருநாள் தொடரில் பெங்களூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக, டெண்டுல்கர் ஆட்டமிழந்ததும் அரங்கமே அஸ்தமித்துவிட்ட நேரத்தில், அவரும் கும்ப்ளேவும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு உடையாமல் 52 ரன் சேர்த்து ஜெயிக்கவைத்தார்கள். இருவருமே பொறியியல் படித்த கர்நாடகக்காரர்கள். எத்தனை பந்து, எத்தனை ரன் என்று கணக்குப் போட்டு ஆடியது முகத்திலேயே தெரிந்தது.

நான்காவது_ஸ்லிப்:

மட்டையைப் பேசினால் சேப்பாக்கத்தையும் பேச வேண்டியிருக்கும். 1999 ஜனவரி, பாகிஸ்தான், 12 ரன் தோல்வி. கடைசி விக்கெட் யாருடையது?

கடைசி_விக்கெட்:

அதைத் தொட வேண்டாம் என்றிருந்தேன். சக்லைன் முஷ்டாக் பந்தை ஸ்ரீநாத் தடுத்தார். நன்றாகவே தடுத்தார். பட்ட பந்து கீழே விழுந்து, அவசரமே இல்லாமல் பின்னால் உருண்டு ஸ்டம்பைத் தொட்டது. பெயில் விழுந்தது. டெண்டுல்கரின் 136 வீணானது. அந்த உருளலைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். பேச்சை மாற்றுவோம்.

புதுப்பந்து:

மாற்றுகிறேன். அடுத்த மாதம் கொல்கத்தா. ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப். தோள் அறுவைக்குப் பிறகு ஸ்ரீநாத் பழைய ஸ்ரீநாத் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த நேரம்.

முதல் நாள் காலை பாகிஸ்தான் 26 ரன்னுக்கு 6 விக்கெட். மொயீன் கான் 70 அடித்து 185க்கு இழுத்து வந்தார். ஸ்ரீநாத் 46க்கு 5. பிறகு ஷோயப் அக்தர் அடுத்தடுத்த பந்துகளில் திராவிட்டையும் டெண்டுல்கரையும் ஸ்டம்ப் தெறிக்க அனுப்பியது எல்லோருக்கும் தெரியும்; அந்தக் காணொளி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸில் ஸ்ரீநாத் 86 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தாரே, அது எங்கே ஓடுகிறது? சயீத் அன்வர் ஒருமுனையில் 188 ரன்னோடு கடைசிவரை நின்றார். மறுமுனையில் வந்தவர்களை இவர் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஆட்டத்தில் மொத்தம் 132 ரன்னுக்கு 13 விக்கெட். இந்தியா 46 ரன்னில் தோற்றது. டெண்டுல்கர் ரன் அவுட்டான தகராறு, ரசிகர்களை வெளியேற்றிவிட்டு வெறும் அரங்கில் ஆட்டத்தை முடித்தது, இவைதான் மறுநாள் செய்தி. 13 விக்கெட்டுக்கு உள்பக்கத்தில் இடம்.

ஈடன் கார்டன்ஸ், ஐயா. இந்தியாவில். 29 வயதில், அறுவை முடிந்த தோளோடு.

வெளிவட்டம்:

அந்த எட்டு விக்கெட்டுக்குச் சில நாள் முன்பு டெல்லியில் நடந்ததும் இந்தக் கதையோடு சேரும். பாகிஸ்தானின் ஒரே இன்னிங்ஸில் கும்ப்ளே ஒன்பது எடுத்துவிட்டார். பத்தாவதும் அவருக்கே கிடைக்க வேண்டும் என்று ஸ்ரீநாத் மறுமுனையிலிருந்து வேண்டுமென்றே ஆஃப் ஸ்டம்புக்கு வெகுதூரம் விலக்கி வீசினார், வைடு கொடுத்தார். வாசிம் அக்ரம் ஷார்ட் லெக்கில் லட்சுமணிடம் பிடிபட்டார். பெருந்தன்மை என்று ஊரே புகழ்ந்தது. எனக்கு இன்றுவரை அதில் ஒப்புதல் இல்லை. டெஸ்ட் ஆட்டத்தில் விக்கெட் எடுக்காமலிருக்க ஒரு பந்துவீச்சாளர் முயல்வது ஆட்டத்துக்கு அழகா?

இரவுக்காவலன்:

தோற்கும் அபாயம் இல்லாத ஆட்டம். 1956இல் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட் எடுத்த ஜிம் லேக்கருக்குப் பிறகு டெஸ்ட்டில் அதுவரை யாரும் தொடாத உயரம். நீங்கள் ஸ்ரீநாத் இடத்தில் இருந்தால் அக்ரமை பவுல்டு ஆக்கிவிட்டு ஓய்வறைக்குப் போய் கும்ப்ளே முகத்தில் விழித்திருப்பீர்களா?

வெளிவட்டம்:

விழித்திருப்பேன். கும்ப்ளேவும் புரிந்துகொண்டிருப்பார்.

நெறியாளர்:

டெல்லி கோட்லா மைதானத்தின் அந்த வைடு பற்றித் தனி இழை ஏற்கெனவே இருக்கிறது, 40 பக்கம் ஓடியிருக்கிறது. அங்கே செல்லவும். பும்ராவோடு ஒப்பிட்டு வந்த ஆறு பதிவுகளையும் நீக்கியிருக்கிறேன்.

எண்_கணக்கன்:

நீக்கியவற்றில் ஒன்று என்னுடையது, பொருத்தமானதும்கூட. சுருக்கிப் போடுகிறேன். 2019 நவம்பரில் கொல்கத்தாவில் வங்கதேசத்தை இன்னிங்ஸில் வென்ற இளஞ்சிவப்புப் பந்து டெஸ்ட்டில் இந்தியச் சுழலருக்கு ஒரு விக்கெட்கூட இல்லை. இஷாந்த், உமேஷ், ஷமி மூவருமே எல்லாவற்றையும் எடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் பும்ரா இங்கிலாந்துக்கு எதிராக ஒன்பது விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். "உள்ளூரில் வேகம் எதற்கு" என்ற கேள்வியை இப்போது யாரும் கேட்பதில்லை. 1992இல் ஏன் எல்லோரும் கேட்டார்கள் என்பதுதான் இழையின் கேள்வி. ஆகவே தலைப்புக்குள்தான் இருக்கிறேன்.

நான்காவது_ஸ்லிப்:

இப்போது மூன்று, நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் கைவசம் இருக்கிறார்கள். ஒருவரைச் சுழற்சி முறையில் உட்காரவைத்தால் இன்னொருவர் வருகிறார். 1992இல் ஸ்ரீநாத்தை உள்ளூரில் கரைத்துவிட்டு வெளிநாட்டுக்கு யாரை அழைத்துப் போவது? அவரைப் பாதுகாத்தார்கள் என்றுகூட இதைப் படிக்கலாம்.

பழைய_பேப்பர்:

பாதுகாத்தார்கள் என்றால் 1997இல் அந்தத் தோள் ஏன் கழன்றது? பாதுகாக்கும் எண்ணம் இருந்திருந்தால் ஒருநாள் ஆட்டங்களிலாவது ஓய்வு கொடுத்திருப்பார்கள். 229 ஒருநாள் ஆட்டங்கள் ஆடினார். 315 விக்கெட். இன்றுவரை வேறெந்த இந்திய வேகப்பந்து வீச்சாளரும் ஒருநாள் ஆட்டத்தில் 300ஐத் தொடவில்லை. டெஸ்ட்டில் இடம் தராத அதே அணி ஷார்ஜாவிலும் டொராண்டோவிலும் அவரை வீசவைத்துக்கொண்டே இருந்தது.

கடைசி_விக்கெட்:

2003ஐயும் யாராவது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் உலகக் கோப்பை இறுதியாட்டம், பத்து ஓவரில் 87 ரன், விக்கெட் இல்லை. என் அலுவலகத்தில் 30 வயதுப் பையன்களுக்கு ஸ்ரீநாத் என்றால் இந்த 87 மட்டும்தான் தெரிகிறது.

புதுப்பந்து:

அந்தத் தொடரில் 16 விக்கெட் எடுத்தவர் அவர். நான்கு உலகக் கோப்பைகளில் மொத்தம் 44. பிற்பாடு ஜாகீர் அதைச் சமன் செய்தார், ஷமி 2023இல் இருவரையும் தாண்டினார். 2002இல் டெஸ்ட் வேண்டாம் என்று ஒதுங்கி, லெஸ்டர்ஷயருக்கு கவுண்டி ஆடப் போனவரைக் கங்குலிதான் வற்புறுத்தித் திரும்ப அழைத்தார். 33 வயதில் பொன்டிங் அடித்த அடி எல்லோர் மேலும் விழுந்தது, ஆஸ்திரேலியா 359. ஜாகீரின் முதல் ஓவரிலேயே 15 ரன் போனது. ஆனால் ஜாகீருக்கு 2011 உலகக் கோப்பை கிடைத்தது, இவருக்கு அதுவே கடைசி ஆட்டமாகிவிட்டது.

தையல்_நேராக:

இறுதியாட்டத்தை விடுங்கள். என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. 1993இல் இங்கிலாந்துக்கு எதிராக ஸ்ரீநாத்தை எடுத்திருந்தால், அவருடைய லென்த்துக்கு எழும்பாத ஆடுகளத்தில் எத்தனை எல்பிடபிள்யூ கிடைத்திருக்கும்? கூச், ஸ்டூவர்ட், கேட்டிங் என்று சுழலுக்குக் காலை நீட்டி நீட்டிப் பழகிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எதிர்முனையிலிருந்து மணிக்கு 140 கி.மீ.க்கு மேல் உள்ளே வெட்டும் பந்து வந்தால் அந்தக் கால் என்ன ஆகியிருக்கும்?

நான்காவது_ஸ்லிப்:

தோற்கடித்த அணியை இன்னும் மோசமாகத் தோற்கடித்திருப்பார்கள். 3-0ஐ 4-0 ஆக்க முடியாது, நண்பரே, மூன்று டெஸ்ட்தான் இருந்தது.

புதுப்பந்து:

சரி, என் கோரிக்கையைக் குறைத்துக்கொள்கிறேன். இங்கிலாந்துத் தொடரை உங்களுக்கே விட்டேன். ஜிம்பாப்வே டெஸ்ட்டையும் விட்டேன். 1994இல் இலங்கைக்கு எதிராக லக்னோ, பெங்களூர், அகமதாபாத் என்று மூன்று ஆட்டம். பெங்களூர் அவருடைய சொந்த மாநில மைதானம். அந்த ஒன்றில் மட்டும் கபில் இடத்திலோ பிரபாகர் இடத்திலோ ஸ்ரீநாத்தை இறக்கியிருக்கலாம் என்கிறேன். அவ்வளவுதான்.

பழைய_பேப்பர்:

கபில் ஆடிய 131 டெஸ்ட்களில் நடுவே விட்டுப்போனது ஒன்றே ஒன்று. 1984 கடைசியில் கொல்கத்தா, இங்கிலாந்துக்கு எதிராக. அதுவும் காயத்தால் இல்லை, தேர்வாளர்கள் நீக்கியதால். நாடே கொந்தளித்தது. அதற்குப் பிறகு எந்தத் தேர்வாளருக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. சாதனைக்குச் சில விக்கெட் பாக்கி இருந்த 1994 ஜனவரியில், பெங்களூரில் ஒரு டெஸ்ட் ஓய்வு எடுங்கள் என்று கபிலிடம் போய்ச் சொல்லும் வேலையை நீங்கள் யாரிடம் கொடுப்பீர்கள்?

புதுப்பந்து:

பிரபாகரிடம் சொல்லியிருக்கலாமே.

பழைய_பேப்பர்:

பிரபாகரிடமா? அதற்கு கபிலிடமே சொல்லிவிடலாம்.